பாரம் ஏறினால் கேட்கும் குரல்

என் அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவளுடைய பிடிவாதத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். வீட்டில் அவளிடம் பேசி ஜெயித்தவர் கிடையாது, என் அண்ணன் உட்பட. அப்படிப்பட்டவள் வேலையிடத்தில் மட்டும் காலையிலிருந்து மாலை வரை அண்ணன் சொன்னதற்கெல்லாம் 'ஐலசா' போட்டுக்கொண்டிருந்தாள். அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

படகு பழுது பார்க்கும் பட்டறை அது. தண்ணீரில் கிடக்கும் படகை மேட்டுக்கு இழுத்து ஏற்ற வேண்டும். அடியில் உருளைக் கட்டைகள், முன்னால் இரண்டு வடம், வடத்தைப் பிடிக்க ஆட்கள். ஆண், பெண் என்று பார்ப்பதில்லை, தோளில் தெம்பு இருந்தால் சரி. ஒருவர் பாட்டாகக் கூப்பாடு போடுவார். மற்றவர்கள் எதிர்க்குரல் கொடுத்துக்கொண்டே இழுப்பார்கள். கூப்பாட்டுக்காரர் என் அண்ணன். எதிர்க்குரலில் முதல் ஆள் அண்ணி. இரண்டு பேரும் ஒரே வடத்தில் நின்று பழகித்தான் கல்யாணம் செய்துகொண்டார்கள். எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. தையல் மிஷினையும் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டோடு வந்துவிட்டேன்.

ராகம் அந்தப் பட்டறையில் வழிவழியாக வந்தது. வரிகள் மட்டும் அன்றன்றைக்கு அண்ணன் வாயில் வந்தவை. மேகம் கறுத்தால் மேகத்தைப் பாடுவான். மேஸ்திரி தும்மினால் அதைப் பாடுவான். வடத்தில் கை வைத்த ஒவ்வொருவரையும் ஒரு வரியாவது கிண்டல் செய்யாமல் விடமாட்டான். கிண்டல் பட்டவர் ரோஷத்தில் இன்னும் கொஞ்சம் பலமாக இழுப்பார், அதுதான் அவனுடைய சூட்சுமம். வடத்தில் இல்லாதவர்களை அவன் பாடியதே இல்லை. எத்தனையோ தடவை சாப்பாட்டுக் கூடையோடு ஓரத்தில் நின்றிருக்கிறேன். பட்டறை நாய்க்குட்டியை ஒருநாள் யாரோ விளையாட்டாக வடத்தில் கட்டிவிட, அதற்குக்கூட ஒரு வரி கிடைத்தது. எனக்குக் கிடைத்ததில்லை.

பிறகு இழுக்கும் மிஷின் வந்தது. யாரும் கண்ணைக் கசக்கவில்லை. இடுப்பு பிழைத்தது என்று எல்லாரும் டீ வாங்கிக் குடித்தார்கள். அந்த மிஷினின் பித்தானை அமுக்கும் வேலையை அண்ணனுக்கே கொடுத்தார்கள். அண்ணி சாயம் பூசும் பக்கம் போனாள். பாட்டு நின்றுபோனது, அதைப் பற்றி வீட்டில் ஒரு பேச்சும் எழவில்லை.

அண்ணன் செத்தது பஸ்ஸில். வேலை முடிந்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவன், தலையைக் கம்பியில் சாய்த்தபடி போய்விட்டான். தூங்குகிறார் என்று நினைத்துக் கடைசி நிறுத்தம் வரை யாரும் எழுப்பவில்லை. நான் தெருவே கூடும்படி அலறினேன். அண்ணி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று உறவுக்காரர்கள் காதைக் கடித்துக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளுக்குள் கோபம்தான்.

காரியமெல்லாம் முடிந்து எல்லாரும் கிளம்பிப் போன பிறகு ஒருநாள் குளியலறையில் தடாலென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். வாளி கவிழ்ந்து கிடக்கிறது, அண்ணி சுவரோடு சுவராக ஒட்டி நிற்கிறாள். வழுக்கிவிட்டது என்றாள். அதற்குப் பிறகு அவள் எதையும் தூக்குவதில்லை. தண்ணீரா, அரிசி மூட்டையா, வாசல் கதவை இழுத்துச் சாத்துவதா, எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிட்டாள். துக்கத்தில் சோம்பேறி ஆகிவிட்டாள் என்று நானும் முணுமுணுத்துக்கொண்டே செய்தேன். கொஞ்ச நாளில் அவளுடைய வலது தோள் இறுகிப்போனது. கையை உயர்த்தித் தலை வார முடியவில்லை. ஆஸ்பத்திரியில் தோள் வைத்தியம் பார்க்கும் அம்மாள், தசையெல்லாம் வற்றிவிட்டது, உடற்பயிற்சி செய்தால்தான் உண்டு என்று கண்டிப்பாகச் சொல்லி ஒரு ஜிம்முக்கு அனுப்பினாள்.

இரும்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த ஜிம். அங்கே இருந்த மாஸ்டருக்கு நான் வைத்த பெயர் கண்ணாடி மாஸ்டர். பேசுவது நம்மிடம், பார்ப்பது எதிர்ச் சுவர்க் கண்ணாடியில் தன் புஜத்தை. ஆனாலும் தொழில் தெரிந்தவர். உத்தரத்திலிருந்து இரண்டு நீள வார்களைத் தொங்கவிட்டிருந்தார். வாரின் நுனியில் கைப்பிடி. அதைப் பிடித்துக்கொண்டு உடம்பைப் பலகைபோல நேராக வைத்துப் பின்னால் சாய வேண்டும், பிறகு கையால் இழுத்து நெஞ்சை மேலே கொண்டுவர வேண்டும்.

"இதுல இரும்பு கிரும்பு எதுவும் கிடையாதும்மா. உங்க எடைதான் உங்களுக்குப் பாரம். காலை முன்னால தள்ளி வச்சா பாரம் கூடும், பின்னால வச்சா குறையும். அவ்வளவுதான் கணக்கு."

அண்ணி கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பயந்தாங்கொள்ளி என்று நான் சிரித்தேன். பிடித்தாள். மெதுவாகச் சாய்ந்தாள். வார் இறுகி உத்தரம் ஒரு முறை முனகியது. அவ்வளவுதான், அண்ணியின் முகமே மாறிவிட்டது. கூட்டத்தில் யாரோ தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோலத் தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். பிறகு மாடி அதிர ஒரு சத்தம் போட்டாள்.

"ஐலசா!"

ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். மாஸ்டர் கண்ணாடியை விட்டு முதல் தடவையாக எங்களைப் பார்த்தார். எனக்கு மானமே போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "என்ன அண்ணி இது? ஊரே சிரிக்குது."

"உங்க அண்ணன் கூப்பாடு போடறாரு," என்றாள். சாம்பாரில் உப்பு கம்மி என்கிற மாதிரிதான் சொன்னாள். "கையில பாரம் ஏறினா கேட்குது. அன்னைக்கு வாளியைத் தூக்கினப்பதான் முதல்ல கேட்டுச்சு. பயந்துபோய்க் கீழ போட்டுட்டேன். அதான் எதையும் தொடாம இருந்தேன்."

"இன்னைக்கு மட்டும் பயம் போயிடுச்சா?"

"இல்ல. ஆனா கைப்பிடியை விட மனசு வரல."

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. அப்படித்தான் எல்லாரிடமும் சொல்வேன். தனியாக இருக்கும்போது முதுகுப் பக்கம் திரும்பிப் பார்ப்பது வேறு விஷயம். அன்றைக்கு நான் கிண்டல் செய்யத்தான் வாயைத் திறந்தேன், வேறு கேள்வி வந்து விழுந்தது.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா?"

"கயித்துல இல்லாத ஆளை அவர் எப்படிக் கூப்பிடுவாரு?"

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கூடப் பிறந்தவள் நான். வந்தவளிடம் பேசுவான், என்னிடம் பேசமாட்டானா? செத்தும் ஓரவஞ்சனையா? அடுத்த தடவை போனபோது பக்கத்து வார் சும்மாதான் தொங்கியது. நீயும் பிடியேன் என்று அண்ணி சொன்னாள். கால் வலி என்று சாக்குச் சொன்னேன். காரணம் அதுவல்ல. பிடித்துச் சாய்ந்து, ஒன்றுமே கேட்காமல் போய்விட்டால் என்ன செய்வது? பிடிக்காத வரைக்கும் ஒரு நம்பிக்கையாவது மிச்சம் இருந்தது. எனவே நாற்காலியில் உட்கார்ந்து அண்ணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எப்போது சிரிக்கிறாள், எப்போது உதட்டைக் கடிக்கிறாள் என்று பார்த்து, அண்ணன் என்ன சொல்லியிருப்பான் என்று ஊகித்தேன். வீடு திரும்பும் வழியெல்லாம் அவளைத் துளைத்தெடுப்பேன். அவளும் அலுக்காமல் வரிவரியாகச் சொல்வாள். மாஸ்டரின் புஜத்தைப் பற்றி அண்ணன் பாடிய வரியை இங்கே எழுத முடியாது.

அதைக் கேட்டபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. மாஸ்டரை அண்ணன் உயிரோடு இருந்தபோது பார்த்ததில்லை. அப்படியானால் பாட்டு பழைய ஞாபகத்திலிருந்து வரவில்லை, அவன் அங்கே நின்று பார்த்துத்தான் பாடுகிறான். இல்லாவிட்டால் அண்ணிக்குப் புத்தி பேதலித்துவிட்டது. இரண்டில் எது தேவலை என்று எனக்குத் தெரியவில்லை.

மாதங்கள் ஓடின. அண்ணியின் தோள் திறந்தது, கைகளில் சதை கட்டியது. மாஸ்டர் தன் சொந்தப் புஜத்தைப்போல அதையும் பார்த்துப் பூரித்தார். அண்ணி மட்டும் வாடிக்கொண்டே வந்தாள். சாயும்போது காலை இன்னும் முன்னால், இன்னும் முன்னால் என்று தள்ளினாள். முதுகு தரையைத் தொட ஒரு சாண் இருந்தது. "சபாஷ், நல்ல முன்னேற்றம்!" என்று மாஸ்டர் கைதட்டினார்.

"முன்னேற்றமாம்," என்றாள் அண்ணி மாடிப்படி இறங்கும்போது. "கையில வலு ஏற ஏற அவர் குரல் சின்னதாகுதுடி. முந்தியெல்லாம் லேசாச் சாய்ஞ்சாலே கேட்கும். இப்ப தொங்கினாலும் பக்கத்துத் தெருவில இருந்து கேட்கற மாதிரி இருக்கு."

தண்ணீர் வாளியில் ஒன்றும் கேட்கவில்லை. காஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தாள், கேட்கவில்லை. மறுபடி பலவீனமானால் கேட்குமோ என்று சாப்பாட்டைக் குறைத்தாள். இரண்டு வாய் சாப்பிட்டுத் தட்டைத் தள்ளினாள். நான் தட்டை அவள் முன்னால் நகர்த்தி, தின்கிறீர்களா, ஊட்டவா என்று கத்தினேன். தின்றாள். ஆனால் அவள் என்னைப் பார்த்த பார்வை, அவனை நான் இரண்டாம் தடவை கொல்கிறேன் என்பது போலிருந்தது.

அந்த நேரத்தில்தான் பெட்டிக்காரர் வந்தார். பழைய பாட்டுகளைப் பதிவு செய்து பத்திரப்படுத்தும் அலுவலகத்திலிருந்து, தோளில் கறுப்புப் பெட்டியோடு வருபவர். முன்பே ஒரு தடவை அண்ணியை நாற்காலியில் உட்காரவைத்துப் பாடச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு போயிருந்தார். அது எடுபடவில்லை. உட்கார்ந்த உடம்பில் அந்தப் பாட்டுக்கு மூச்சு எங்கே வரும்? அவரே அதை ஒப்புக்கொண்டார்.

"எதிர்க்குரல் நிறையப் பேர்கிட்ட கிடைச்சிருக்குங்க. 'ஐலசா' மட்டும் பெட்டி நிறைய வச்சிருக்கேன். கூப்பாடுதான் ஒரு வரிகூட இல்ல. கூப்பாட்டுக்காரங்க யாருமே இப்ப உயிரோட இல்ல. பதில் இருக்கு, கேள்வி இல்லங்கற மாதிரி ஆயிடுச்சு."

"எனக்குத் தெரியாதுங்க," என்றாள் அண்ணி.

எனக்குத்தான் நாக்கு சும்மா இருக்காதே. "ஏன் அண்ணி தெரியாது? வாரா வாரம் கேட்டுட்டுத்தானே வர்றீங்க?" என்று போட்டு உடைத்துவிட்டேன். அண்ணியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பெட்டிக்காரர் விவரமானவர். மேலே எதுவும் கேட்காமல், மனம் வந்தால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"உனக்கு என்ன தெரியும்?" என்றாள் அண்ணி கதவைச் சாத்தியதும். "கூப்பாட்டை வேற ஆள் வாங்கினா, முதல்ல போட்டவர் வாயை மூடிக்கணும். ஒரு வடத்துக்கு ரெண்டு கூப்பாடு கூடாது. நாங்க சேர்ந்த புதுசுல உங்க அண்ணன் பாடிட்டு இருக்கும்போதே மேஸ்திரி குறுக்க ஒரு குரல் கொடுத்தாரு. பாதிப் பேர் இவருக்கு இழுத்தாங்க, பாதிப் பேர் அவருக்கு இழுத்தாங்க. படகு கட்டையை விட்டு நழுவி ஒருத்தன் கால்மேல ஏறிடுச்சு. அன்னையிலிருந்து உங்க அண்ணன் அந்த விஷயத்துல நெருப்பு மாதிரி. இன்னொருத்தர் எடுத்துட்டா அன்னைக்கு முழுக்க வாயே திறக்க மாட்டாரு. அவர் வரியை என் வாயால நான் பாடினேன்னு வை, அதோட அவர் நிறுத்திக்குவாரு. எனக்கு அவரைத் தெரியும்."

நான் மிஷினுக்கு நூல் கோக்கப் போனேன். நூல் ஊசிக் காதில் நுழையவே இல்லை.

சில வாரம் கழித்து ஜிம்மிலிருந்து திரும்பும்போது அண்ணி தானாகவே சொன்னாள். "இன்னைக்குப் பாதி வரிதான் கேட்டுச்சு. மிச்சம் இரைச்சல். இன்னும் கொஞ்ச நாள்ல மொத்தமாப் போயிடும்." கொஞ்ச தூரம் நடந்தோம். "எப்படியும் போகப் போறாரு. அவர் பாடினது என்னோட செத்துப்போனா, அப்புறம் அவர் எதுக்கு இத்தனை நாள் வந்து பாடினாரு? அந்தப் பெட்டிக்காரரை வரச் சொல்லு."

மத்தியான வேளை, ஜிம்மில் ஆள் கிடையாது. மாஸ்டர் பாட்டை அணைத்தார், மின்விசிறிகளை நிறுத்தினார். பெட்டிக்காரர் ஒரு கம்பை நட்டு மைக்கை மாட்டினார். அண்ணி புடவையை வரிந்து கட்டிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எதிர்க்குரல் இல்லாமக் கூப்பாடு போட முடியாது. நீ அந்த வாரைப் பிடி."

"நான் எதுக்கு? பெட்டிக்காரர் சொல்லட்டும். மாஸ்டர் சொல்லட்டும்."

"பிடின்னா பிடி."

பிடித்தேன். என் வாழ்நாளில் ஊசியைவிடக் கனமான எதையும் நான் பிழைப்புக்காகப் பிடித்ததில்லை. சாய்ந்தேன். மொத்த உடம்பும் இரண்டு உள்ளங்கையில் வந்து தொங்கியது, தோள்பட்டை பிடுங்கிக்கொண்டு போனது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். கீழே இரும்புக் கடையில் யாரோ கம்பி அறுக்கும் சத்தம். என் நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தம். வேறு எதுவும் இல்லை. பயந்தது பயந்தபடியே நடந்தது.

பக்கத்தில் அண்ணி, முதுகு தரையோடு தரையாக, கண்ணை மூடிக் கிடந்தாள். அவள் வாயைத் திறக்கவே இல்லை. பெட்டிக்காரர் சைகை காட்டினார், பாடலாம் என்று. அவள் கவனிக்கவில்லை. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அவள் புருவம் சுருங்கியது, ஏதோ புரியாததைக் கேட்டவள் போல. கண்ணைத் திறந்து என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஒரே இழுப்பில் நெஞ்சை மேலே கொண்டுவந்து, என் அண்ணனின் ராகத்தில், அவன் நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, கூப்பாடு போட்டாள்.

"தூக்கத்துல நடந்தவளே..."

எனக்கு எதிர்க்குரல் வரவில்லை. அண்ணி விடவில்லை.

"காலைக் கட்டிப் போட்டேனே..."

"ஐலசா," என்றேன். குரல் என் குரல் மாதிரியே இல்லை.

"கதவைத் தேடிப் போனவளே..."

"ஐலசா!"

"முழிச்சுக்கிட்டா இழுடி!"

"ஐலசா! ஐலசா!"

சின்ன வயதில் எனக்குத் தூக்கத்தில் எழுந்து நடக்கும் வியாதி இருந்தது. அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். ஒருநாள் விடியும் முன்னால் தெருமுனையில் என்னைக் கண்டுபிடித்துத் தோளில் தூக்கிவந்தான். அன்று முதல் அம்மா தூங்கின பிறகு என் கணுக்காலையும் அவன் கணுக்காலையும் ஒரு பழைய துண்டால் முடிச்சுப் போட்டு விடுவான். வெளியே தெரிந்தால் மந்திரம், தாயத்து என்று என்னை இழுத்துக்கொண்டு அலைவார்கள், நாளைக்குக் கல்யாணப் பேச்சிலும் அடிபடும் என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். யாரிடமும் சொல்லக்கூடாது, பொண்டாட்டி வந்தால் அவளிடமும் கூடாது என்று.

அண்ணி நிறுத்தவில்லை. பாட்டில் மேகம் வந்தது, குடை தேடும் மேஸ்திரி வந்தார், மாஸ்டரின் புஜமும் வந்தது. மாஸ்டர் அசடு வழியக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றார். மாதக்கணக்கில் கேட்டுச் சேர்த்ததையெல்லாம் அவள் ஒன்றுவிடாமல் கொட்டினாள். நான் அழுதுகொண்டே ஐலசா போட்டேன். கை மரத்துப்போய்விட்டது, ஆனாலும் இழுத்தேன்.

முடிந்ததும் பெட்டிக்காரர் காதிலிருந்ததைக் கழற்றினார். "நடுவுல தங்கச்சி அழுதது பதிவாயிருக்கு. இன்னொரு தரம் எடுக்கலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இன்னொரு தரம் கிடையாதுங்க," என்றாள் அண்ணி.

அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு படி இறங்கினார். அண்ணி தரையில் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அது என்ன, காலைக் கட்டினது? எனக்கு ஒண்ணும் புரியல. காதுல விழுந்ததை அப்படியே பாடிட்டேன். நீ தூக்கத்துல நடப்பியா?"

சொன்னேன். அந்தத் துண்டு, தெருமுனை, சத்தியம், எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரேன்," என்றாள். கொஞ்சம் பொறாமைகூட இருந்தது அந்தக் குரலில். "கயித்துல நீ கை வச்சதும் பக்கத்துல நின்னு கத்தற மாதிரி கேட்டுச்சுடி. முதல் நாள் கேட்டதைவிடச் சத்தமா. அது முடிஞ்சதும் உடனே பாடிட்டேன். இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம்."

சட்டென்று எழுந்தாள். கைப்பிடியைப் பிடித்தாள். காலைச் சுவர்வரை தள்ளிவைத்து, முழு உடம்பையும் தொங்கவிட்டாள். வார் இறுகியது, உத்தரம் முனகியது. மாஸ்டர் போதும்மா, போதும்மா என்று ஓடிவந்தார். நான் அவரைத் தடுத்து நிறுத்திவிட்டு அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். இத்தனை மாதமாகப் பார்த்துப் பழகிய முகம்தான், ஒரு வரி வந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

"கேட்குதா அண்ணி?"

அவள் தலையை அசைத்தாள், இல்லை என்று. "போயிட்டாரு," என்றாள். "இப்பத்தான் போறாரு." பிறகு வாய் கோணி, சின்னப் பிள்ளைபோல, மாடி முழுக்கக் கேட்கும்படி அழுதாள். நான் தரையில் உட்கார்ந்து அவளுடைய முதுகைத் தாங்கி, பாரம் முழுவதையும் என் மடியில் வாங்கிக்கொண்டேன். வார் தொய்ந்துபோன பிறகும் அவள் கைப்பிடியை விடவில்லை.